சந்தைக்கு வருபவர்களிடமும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

அருட்சகோதரர்களின் துறவற சபை ஒன்று, தன் வருங்காலப் பணி எதுவெனத் தேர்ந்து தெளியக் கொடைக்கானலில் கூடியிருப்பதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பேச்சு மடத்துக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது. துறவற சபைகள் தம்மை நிறுவியவரின் நோக்கத்துக்குத் திரும்ப வேண்டும், காலத்துக்கேற்ப மாறவும் வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. இங்கே காலம் எப்படி மாறியிருக்கிறது என்பதைப் மலையில் பூண்டு பயிரிடுகிறவர்கள்தான் சொல்ல முடியும்.

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள எங்கள் பூம்பாறைப் பக்கம் பத்தாவது முடித்த பையன்கள் சிலர், சீசனில் சுற்றுலா கார்களை மறித்து ரூம் பிடித்துக் கொடுக்கப் போய்விடுகிறார்கள். வீட்டில் குழாய் உடைந்தாலோ வத்தலக்குண்டிலிருந்து பிளம்பர் வர வேண்டியிருக்கிறது. பஸ் செலவையும் சேர்த்துத்தான் கூலி கேட்கிறார். ஆங்கிலப் பள்ளிகளுக்குக் கொடைக்கானலில் பஞ்சமில்லை, அது வேறு விஷயம். வயரிங், பிளம்பிங், தச்சு வேலையைத் தமிழில் சொல்லித்தரும் பட்டறை ஒன்றைச் சகோதரர்கள் பரிசீலிக்கலாம். தீர்மானத்தை எழுதுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் மேல்மலைக் கிராமத்தாரையும் அழைத்துப் பேசட்டும்.

– ஒரு வாசகர், பூம்பாறை