கிளட்ச் மாற்றியும் நிற்காத நடுக்கம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பெட்ரோல் மேனுவல் காரின் ஐடில் (வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது) நடுக்கத்துக்குத் தேவையில்லாமல் கிளட்ச் மாற்றியது தொடர்பாக

ஐயா,

சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது கார் குலுங்குகிறது. என்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 800-ல் நிற்காமல் 600-க்கும் 900-க்கும் இடையே ஆடுகிறது. ஏசி போட்டால் இன்னும் மோசம். மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்து செக் என்ஜின் விளக்கு மினுக்குகிறது. மதுரையில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இதையெல்லாம் சொல்லித்தான் வண்டியை விட்டேன். சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் 'வைப்ரேஷன்' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

கிளட்ச் போய்விட்டது என்று சொல்லி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றி 14,600 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே அதே குலுக்கல். திரும்பக் கொண்டுபோனால், "புது கிளட்ச் செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும் சார், ஓட்டுங்க" என்றார் அதே அட்வைசர்.

கிளட்ச்தானா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு கிளட்ச் பெடலை முழுக்க மிதித்தால் கியர்பாக்ஸோடு உள்ள தொடர்பு விட்டுவிடும். அப்போது நடுக்கம் மாறினால் கிளட்ச்சைச் சந்தேகப்படலாம். என் காரில் மிதித்தாலும் விட்டாலும் ஒரே நடுக்கம்தான். என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் மட்டும் போயிருந்தால் வண்டி அதிரும், முள் இப்படி ஆடாது. இது உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா?

கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் ஸ்கேனர் மாட்டினார். பி0303 என்று பழுதுக் குறியீடு வந்தது. அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதோடு அவர் நிறுத்தவில்லை. மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் ஒன்றாவதன் காயிலையும் இடம் மாற்றி மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். இந்த முறை பி0301. காயில் போன இடத்துக்கே பழுதும் போனதால் பிளக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. புதுக் காயில் போட்டதும் முள் 800-ல் நின்றுவிட்டது.

உங்கள் பில்லிலும் 'ஸ்கேனிங்' என்று 590 ரூபாய் இருக்கிறது. ரிப்போர்ட் கேட்டால் இல்லை என்கிறார்கள். கழற்றிய பழைய கிளட்ச்சைக் கேட்டால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்!

இதைவிடக் கோபம், மினுக்கும் விளக்கோடு ஓட்டச் சொன்னதில்தான். மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும். மாற்றினால் கிளட்ச்சைவிட அதிகச் செலவு வைக்கும் பாகம் அது.

ஆகவே கிளட்ச் பில் தொகை, ஸ்கேனிங் கட்டணம் இரண்டையும் திருப்பித் தர வேண்டும். என் வண்டிக்கு நீட்டிக்கப்பட்ட வாரண்டி இன்னும் இருக்கிறது. காயில் விலையை அதில் ஈடுகட்டுங்கள். கன்வெர்ட்டரை இலவசமாகச் சோதித்து எழுத்தில் அறிக்கை தாருங்கள். சர்வீஸ் சென்டரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள், அங்கே பேசி முடித்துவிட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அப்புறம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாட்டு வழக்கும் தொடர்வேன். பில்கள், ஜாப் கார்டு நகல், இரண்டு ஸ்கேன்களின் படங்கள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்
மதுரை