காசோலையில் உன் கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் உங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. தென்னையை வெள்ளை ஈ இன்னும் விடவில்லையா? தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். பகலெல்லாம் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

போன வாரம் எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது, உங்கள் கிராம சபை மாதிரி நகரத்து மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் நாற்பது நாற்காலிகள், ஒரு மைக். தறி ஓட்டும் ஓர் அம்மா எழுந்து, இரவு ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பாலத்தருகே விளக்கு வேண்டும் என்றார். கையில் நான்காக மடித்த தாள். அந்த வழியாக நடக்கும் முப்பத்தொரு பெண்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான்கைந்து கைநாட்டும் இருந்தன. கவுன்சிலர் நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். “மன்றத்தில் கேட்கிறேன், அம்மா” என்றார். நல்ல மனிதர். அதற்கு மேல் சொல்லச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை.

அன்றிரவு உன்னை நினைத்துக்கொண்டேன். நீ ஊராட்சித் தலைவராக இருந்தபோது மேட்டுத் தெருவுக்குக் குழாய் போட்டாய். தீர்மானம் நிறைவேறியது, நீயும் துணைத் தலைவரும் காசோலையில் கையெழுத்திட்டீர்கள், வேலை நடந்தது. ஊராட்சியில் நிர்வாகப் பொறுப்பே தலைவருடையது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் கோவையின் மேயருக்கு அது கிடையாது. அரசு நியமிக்கும் ஆணையரிடம்தான் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் கோவை மாநகராட்சிச் சட்டத்திலும் அப்படித்தான். 1998இல் இயற்றி, நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலும் அதில் மாற்றமில்லை. எல்லா நகரங்களுக்கும் ஒரே சட்டம் எழுதும்போதே இதைத் திருத்தியிருக்க வேண்டும். எனக்கு அது பெரிய மனக்குறை.

கவுன்சிலர் கைக்குப் பணம் போனால் கமிஷன்தான் மிஞ்சும் என்று நீயே சொல்வாய். ஆனால் உன் கணக்கைக் கிராம சபையில் வாசித்தபோது, சிமெண்ட் மூட்டைக்கு ஏன் இவ்வளவு என்று ஒரு கிழவர் உன் முகத்துக்கு நேராகக் கேட்டாரே, ரசீதை எடுத்துக் காட்டும்வரை அவர் உட்காரவில்லையே! அந்தக் கேள்விதான் காவல். மாறுதலில் போய்விடும் அதிகாரியை அப்படி யார் தேடிப் பிடித்துக் கேட்பது?

2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை நம் நகரங்களில் கவுன்சிலரே இல்லை. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட ஆளில்லாத ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலம். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லியும் நடந்தது இதுதான்.

சட்டத்தைத் திருத்தக் கோரி நம் பகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பகுதி சபையின் தீர்மானத்துக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வார்டில் வசூலாகும் சொத்து வரியில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று அந்தச் சபையே முடிவு செய்ய வேண்டும். நிர்வாக அதிகாரம் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு வர வேண்டும். நான் எழுதினால் வளவளவென்று நீள்கிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி எழுதி உனக்கு அந்த நடை கைவந்திருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பு. அடுத்த கூட்டத்துக்கு முன் வந்துவிட்டால், முதல் கையெழுத்தை அந்த அம்மாவிடமே வாங்கிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்