ஒப்பந்தம் நீட்டிப்பு: குப்பை வண்டிக்காரர்களிடமிருந்து ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுக் குப்பையையும் மறுசுழற்சிப் பொருட்களையும் எடுப்பதற்கு உள்ளாட்சியோடு நாங்கள் போட்டிருந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. இப்போது நீட்டித்திருக்கிறார்கள். “வண்டி வருமா, நின்றுவிடுமா?” என்று கேட்டவர்களுக்கு: வரும். அதே கிழமை, அதே ஆட்கள்.

“டெண்டர் விடாமல் மறுபடியும் இவர்களுக்கே ஏன்?” என்றும் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நீட்டிக்கும் வாய்ப்பு முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அன்று போட்டியிட்ட எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் விலை சொன்னார்கள். அப்படி எழுதாத ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் சண்டைக்கு வாருங்கள், தப்பில்லை. இன்னொரு காரணம், வண்டி. குப்பையை அழுத்தி ஏற்றும் வண்டி கடையில் தயாராக நிற்பதில்லை; சொல்லி வைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருப்பவை இன்னும் நன்றாக ஓடுகின்றன. நீட்டித்த காலம் முடிந்ததும் திறந்த டெண்டர்தான். அப்போது நாங்களும் வரிசையில் நிற்போம்.

சரி, மாறியிருப்பது என்ன? இதுவரை எவ்வளவு எடை எடுத்தோம் என்பதுதான் கணக்கு. இனிமேல் அதில் எவ்வளவு உருப்படியாக மறுசுழற்சி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் கணக்கு.

இந்தக் கெடுபிடி எங்களோடு தொடங்கியதல்ல. பல நாடுகள் தாளையும் பிளாஸ்டிக்கையும் கலந்துகட்டிச் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 2018இல் சீனா வீட்டுப் பிளாஸ்டிக் கழிவையும் தரம் பிரிக்காத தாளையும் வாங்க மாட்டேன் என்றது. அப்போது வாங்கிவந்த அட்டையிலும் வேறு பொருள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. அதன் பிறகு மற்ற இடங்களிலும் ஆலைகள் பொறுக்கித்தான் எடுக்கின்றன.

எங்கள் பிரிப்புக் கூடத்தில், பொருட்கள் நகர்ந்து வரும் பெல்ட் ஓரமாக ஐந்து நிமிடம் நின்றால் போதும். நல்ல அட்டைப்பெட்டி ஒன்று வரும், உள்ளே பாதி எண்ணெயோடு ஒரு பாட்டில். மூடி கழன்றிருக்கும். அந்த அட்டை போச்சு, அதன் கீழே கிடந்த செய்தித்தாளும் போச்சு. அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கும்போது எண்ணெய் நாரை விட்டுப் போகாது. அப்புறம் முடிச்சுப் போட்ட பைகள். பெல்ட் ஓடுகிற வேகத்தில் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்க யாருக்கும் கை இல்லை. பை அப்படியே கழிவுப் பக்கம் போய்விடும். உள்ளே நீங்கள் கழுவி வைத்த அலுமினிய டப்பா இருந்தாலும் அதே கதிதான். எங்களுக்கு வயிற்றெரிச்சலே அதில்தான்: பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட 95 சதவீதம் வரை மின்சாரமும் எரிபொருளும் மிச்சம். ஆகவே கொட்டுங்கள், கட்டாதீர்கள். பாட்டிலைப் பளபளவென்று தேய்க்க வேண்டாம், ஒரு அலசு போதும். கடைகளில் தருகிற வழவழப்பான ரசீது தாள் மாதிரி இருக்கும், தாளோடு சேராது, ரசாயனம் பூசியது.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பு: பேட்டரி. ஒருமுறை எங்கள் வண்டிக்குள் புகை கிளம்பியது. ஓட்டுநர் சாமர்த்தியமாக வண்டியை ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குத் திருப்பி, மொத்தக் குப்பையையும் தரையில் கொட்டினார். கிளறிப் பார்த்தால், பொம்மைக்குள் இருந்த சின்ன லித்தியம் பேட்டரி. வண்டியின் அழுத்தும் தட்டில் நசுங்கித் தீப்பிடித்திருக்கிறது. பழைய கைபேசி, பொம்மை, ஒளிரும் காலணி எதுவானாலும் எந்தத் தொட்டியிலும் போடாமல் தனியாக எடுத்து வையுங்கள். பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி எங்கள் ஆட்களிடம் கையில் கொடுங்கள்.

புது நாள்காட்டி அட்டை அடுத்த நடையில் உங்கள் வாசலுக்கு வரும். தொட்டி உடைந்திருந்தால் அட்டை கொண்டுவருகிறவரிடமே சொல்லிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் குப்பை வண்டிக்காரர்கள்