நிலாவோட ஹாஸ்டல் பஞ்சாயத்து

மாலு,

எப்படி இருக்க? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு ராணி சொன்னா, நிம்மதியா இருந்துச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம், மூர்த்திக்கு மட்டும் பிபி ஏறிக் கெடக்கு, காரணம் என் பொண்ணு, உன் செல்லம் நிலா. அதச் சொல்லத்தான் எழுதுறேன்.

அவளுக்கு கலிஃபோர்னியா பெர்க்லி யுனிவர்சிட்டில சிவில் இன்ஜினியரிங் கெடச்சது தெரியும்ல. இப்ப அங்க எந்த ஹாஸ்டல்ங்கறதுல வீடே ரெண்டு பட்டுக் கெடக்கு. மே மாசத் தொடக்கத்துல கெடு, அதுக்குள்ள அப்ளிகேஷன் போட்டுட்டா மொத வருஷப் பிள்ளைங்களுக்கு எடம் உறுதி, ஆனா எந்தக் கட்டடம், ரூமுக்கு எத்தன பேருன்னு நாமளே வரிசை போட்டுக் குடுக்கணும், அதுல எது கெடைக்குதுங்கறது அவங்க கையில. நமக்கெல்லாம் வார்டன் நோட்டுப் புத்தகத்தப் பாத்து ரூம் நம்பர் சொல்லுச்சு, பெட்டியத் தூக்கிட்டுப் போனோம், அவ்வளவுதான். நீ மட்டும் ஜன்னலோர கட்டிலுக்கு அன்னிக்கே சண்ட போட்ட, அத நான் மறக்கல.

மூர்த்தி என்ன சொல்றார்னா ஹாஸ்டலே வேணாங்கறார். எங்க ஊரு ஃப்ரீமாண்ட்ல ஏறினா ஒரே ரயிலு, மாற வேண்டியதில்ல, டவுன்டவுன் பெர்க்லில எறங்கினா எதிர்லயே காலேஜு, ரூமும் சாப்பாடுமா வருஷத்துக்கு 20 ஆயிரம் டாலர் பக்கம் எதுக்குக் கொட்டணும்னு கேக்குறார். கணக்கு சரிதான், ஆனா போக முக்கா மணிநேரம் வர முக்கா மணிநேரம், சாயங்காலம் ஆனா வீட்டுக்கு ஓடி வர்ற பொண்ணுக்கு அங்க யாருடி ஃப்ரெண்டாவா?

சரி, போய்த்தான் பாப்போமேன்னு போன ஞாயித்துக்கிழம நானும் அவளும் கெளம்பிப் போனோம். எனக்கு மனசுக்குப் பிடிச்சது கிளார்க் கெர்ங்கற ஹாஸ்டல். சிவப்பு ஓடு, வளைவு வளைவா வராண்டா, பெரிய பெரிய மரம், சத்தமே இல்ல. முன்னாடி காது கேக்காத, கண் தெரியாத பிள்ளைங்களுக்கான ஸ்கூல் அங்கதான் இருந்துச்சாம், அப்புறம் 1980ல எங்க ஊரு ஃப்ரீமாண்ட்டுக்கு மாத்திட்டாங்க. நான் தெனமும் காருல தாண்டிப் போற ஸ்கூல்தான்டி அது! எனக்கு என்னமோ நம்ம எடம் மாதிரியே தோணிருச்சு. ஆனா கிளாசுக்குப் போக ஏகப்பட்ட தூரம் நடக்கணும், ராத்திரி லைப்ரரிலேருந்து தனியா திரும்பி வரணும். ஃபுட்ஹில்னு இன்னொரு ஹாஸ்டல், இன்ஜினியரிங் கட்டடங்களுக்குப் பக்கம், ஆனா மலையடிவாரம், நாலஞ்சு ரூம் சேந்து தனித்தனி வீடு மாதிரி, கதவச் சாத்திக்கிட்டா பக்கத்துல யாருன்னு தெரியாதுங்கறா.

அவ கேக்குறது யூனிட் 1. 1960 வாக்குல கட்டுன உசரக் கட்டடம், ஒரு ரூமுல மூணு பேரு, பாத்ரூம் மாடிக்குப் பொது, ரெண்டு தெரு தள்ளி டெலிகிராஃப் அவென்யூ, நடுராத்திரிக்கும் சத்தம் ஓயாது. அந்த ரூம வீடியோல பாத்தேன். ரெண்டடுக்குக் கட்டில் ஒண்ணு ஒரு பக்கம், உசரமான கட்டில் ஒண்ணு இன்னொரு பக்கம், அதுக்கு அடியில மேஜை, நடுவுல ஒரு சூட்கேஸத் தெறந்து வெச்சா ஆளு நடக்க எடமில்ல.

ஆனா மாலு, என்னத் தூங்க விடாம பண்றது ரூமு இல்ல. ஹேவார்ட் ஃபால்ட்டுன்னு பூமிக்கடியில ஒரு வெடிப்பு அந்த மலையடிவாரத்துலயே ஓடுது. கடைசியா பெருசா ஆடுனது 1868ல, சுமாரா 150 வருஷத்துக்கு ஒருதரம் ஆடும்ங்கறாங்க, நீயே கூட்டிப் பாரு. அங்க இருக்குற ஃபுட்பால் ஸ்டேடியம் 1923ல அந்த வெடிப்புக்கு நேர் மேலயே கட்டுனது. இந்தப் பொண்ணு என்ன ஹாஸ்டல் பாக்கக் கூட்டிட்டுப் போனாளா, அதக் காட்டக் கூட்டிட்டுப் போனாளான்னு தெரியல, கைய நீட்டி நீட்டி விளக்குறா, நெலம் நகந்தா கட்டடமும் தனித்தனித் துண்டா நகர்ற மாதிரி பிரிச்சு 2012ல சரி பண்ணி வெச்சிருக்காங்களாம், கண்ணு ரெண்டும் அப்படி மின்னுது. எனக்குக் கால் நடுங்குது. நான் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா, "அம்மா, இதே ஃபால்ட்டு நம்ம ஃப்ரீமாண்ட் வழியாவும்தான் போகுது, நீ என்ன எங்க கொண்டு போய் ஒளிச்சு வெப்ப?" அதுக்கு மேல நான் என்ன பேச.

வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரல. நம்ம ஹாஸ்டல்ல இருந்தப்ப எங்கப்பா தவறிப் போன அன்னிக்கு ராத்திரி நெனப்பு வந்துச்சு. வார்டன் ரூமுக்கு போன் வந்து நான் சொவத்தப் புடிச்சு நின்னேன்ல, என் பெட்டிய அடுக்குனது நீ, வெள்ளத் துணி ஒண்ணு தேடி எடுத்து மேல வெச்ச, எல்லாரோட பர்ஸையும் தட்டிக் காசு சேத்துக் குடுத்தா கல்பனா, ராணி காந்திபுரம் வந்து திருவள்ளுவர் பஸ்ஸுல என் கூடவே ஏறி ஊரு வரைக்கும் வந்தா. அவ சேந்து ரெண்டு மாசம்கூட ஆகலடி அப்ப. ஒரே ரூமுல மூச்சு முட்டக் கெடந்ததாலதான் அது நடந்துச்சு, ஆளுக்கொரு ரூமு குடுத்திருந்தா எனக்கு நீங்க யாரும் இல்ல. நிலாவுக்குக் கூடப் பொறந்தவங்களும் கெடையாது. அவளுக்கு ராவுல ஜுரம் வந்தா நெத்தியத் தொட்டுப் பாக்க ஒருத்தி வேணும், அவ மொகம் வாடுனா என்னன்னு கேக்க இன்னொருத்தி வேணும். அந்த மூணு பேர் ரூமுதான் அவளுக்கு வேணும், நான் முடிவு பண்ணிட்டேன். பயம் போகல, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இப்ப உன்னால ஒரு காரியம் ஆகணும். மூர்த்தி என் பேச்சக் கேக்க மாட்டார், உன் பேச்சுன்னா மறுக்க மாட்டார், கோயமுத்தூர்ல கடன் விஷயத்துல நீ பேசி அடங்குன ஆளு. வியாழக்கிழம உனக்குக் காலைல, எங்களுக்குப் புதன் ராத்திரி, அவர் சாப்பிட்டு உக்காந்திருப்பார், அப்பக் கூப்பிடு. பணத்தப் பத்தி எடுக்காத, ரயிலுல ராத்திரி பத்து மணிக்குத் தனியா வர்றதப் பத்தி மட்டும் பேசு. ராணியையும் லைன்ல சேத்துக்கோ, ஆனா அவள மொதல்ல பேச விட்றாத.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்கு விடு.

உன்,
சுந்தரி