லேசான ஃப்ளைவீல் போட்டால் கார் பறந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போய் முதல் கார் வாங்கிய தம்பிகள் பலர் இப்போது போனில் ஏதாவது ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணாச்சி, லேசான ஃப்ளைவீலும் ரேஸ் கிளட்சும் போட்டா வண்டி பறக்கும்லா?" என்று கேட்கிறார்கள். விற்கிறவர்களும் பவர் கூடும் என்றே சொல்லி விற்கிறார்கள். உங்கள் பத்திரிகையை எங்கள் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை படிக்கிறார்கள் என்பதால், இதில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று நாலு வரி எழுதலாம் என்று தோன்றியது. நாலு வரியில் முடியாது என்பது வேறு விஷயம்.

முதலில் அந்தப் பவர் கதை. ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்குப் பின்னால், கிளட்சை ஒட்டிச் சுழலும் கனத்த சக்கரம். அதை மாற்றுவதால் இன்ஜினுக்கு ஒரு குதிரைசக்தி கூட ஏறாது. அது என்ன செய்கிறது என்பது, நம் ஊர்க் கிணற்றடிகளில் ஆயில் இன்ஜின் ஓடியதைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒற்றை சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும், மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் சுழலும் அந்தக் கனத்த சக்கரம்தான் தன் வேகத்தால் பிஸ்டனை இழுத்துக்கொண்டு போகும். அதைக் கழற்றிவிட்டு ஹேண்டிலைப் போட்டு எவ்வளவு சுற்றினாலும் இன்ஜின் ஓடாது. காரிலும் அதே வேலைதான், நாலு சிலிண்டர் என்றால் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு வந்துவிடுவதால் சின்ன சக்கரமே போதுமாக இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது நிறைய வரும் மூன்று சிலிண்டர் கார்களில் இந்த இடைவெளி கொஞ்சம் அதிகம், அதனால் அவற்றில் எடையைக் குறைத்தால் நடுக்கமும் அதிகம்.

எடை குறைந்தால் இன்ஜின் தன் வேகத்தை ஏற்றிக்கொள்ளச் செலவழிக்கும் சக்தி குறைகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) சட்டென்று ஏறும், காலை எடுத்ததும் சட்டென்று இறங்கும். கியரைக் குறைக்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டி வேகத்தைப் பொருத்துவது சுகமாக இருக்கும், இது உண்மையான லாபம், ஓட்டத் தெரிந்தவனுக்கு நல்ல ருசி. ஆனால் பிக்கப் கூடுவது முதல் இரண்டு கியரில்தான் தெரியும். ஃப்ளைவீல் எடையின் பாதிப்பு கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் கியரில் மொத்த விகிதம் 14க்கு 1 (அதாவது டயர் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 14 சுற்று), ஐந்தாவதில் 3.5க்கு 1 என்று வைத்துக்கொண்டால், முதல் கியரில் கிடைக்கும் பலனில் 16ல் ஒரு பங்குதான் ஐந்தாவதில் மிஞ்சும். நாகர்கோவில் நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை, மைலேஜிலும் இல்லை.

இனி நம் ரோட்டுக்கு வருவோம். சாயங்காலம் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் வண்டிகள் நின்றுவிட்டால் ஹாஃப் கிளட்சில் நகர்த்தி நகர்த்தித்தான் போக வேண்டியிருக்கும். பழைய கனத்த ஃப்ளைவீல் என்றால் கிளட்சை விடும்போது அதில் சேர்ந்திருக்கும் வேகமே வண்டியைத் தள்ளிவிடும். லேசானதில் அந்தக் கையிருப்பு இல்லை, ஆர்.பி.எம். கூட்டி வைத்துக்கொண்டு விட வேண்டும், இல்லையென்றால் வண்டி ஆஃப், பின்னால் ஹாரன். ஏ.சி. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் நேரத்தில் ஐட்லிங் தள்ளாடும். மே மாதம் திருநெல்வேலியில் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னால் யார் கேட்பார்கள்? இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை, கிளட்ச் உரசும் சூட்டை வாங்கிக்கொள்வதும் இந்த ஃப்ளைவீல்தான். இரும்பு குறைந்தால் அதே உரசலுக்குச் சூடு சீக்கிரம் ஏறும். ஆனித் தேரோட்டம் சமயத்தில் டவுன் பக்கம் மாட்டிக்கொண்டாலோ, சீசனில் குற்றாலம் போகும் வரிசையில் ஊர்ந்தாலோ கிளட்ச் கருகும் வாடை உள்ளே வந்துவிடும். நாலு பேர், லக்கேஜ் என்று பாபநாசத்திலிருந்து காரையார் ஏறுகிறவர்களும் யோசித்துக்கொள்ளவும்.

கிளட்ச் விஷயம் தனி. ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) தாங்கும் என்பது கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிடிக்கும் பிரஷர் பிளேட் அழுத்தும் பலம், கிளட்ச் பிளேட்டின் உராய்வு, அதன் விட்டம் இவற்றைப் பொறுத்தது. ரேஸ் கிளட்ச் என்றால் ஸ்பிரிங் கடினமாக இருக்கும், அதனால் பெடலும் கனக்கும், இடது முழங்கால்தான் அதற்கு வாடகை கட்டும். கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் கேபிளுக்கும் பாரம் கூடும். துண்டு துண்டாக செராமிக் ஒட்டிய பிளேட் நிறைய டார்க் தாங்கும், ஆனால் அதில் பாதி என்ற பேச்சே இல்லை, பிடித்தால் பிடித்ததுதான். வண்ணார்பேட்டை சிக்னலில் ஒவ்வொரு முறையும் தலை முன்னும் பின்னும் ஆடும். இன்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் அதனோடு வந்த கிளட்சே தாராளமாகத் தாங்கும். ஈ.சி.யு. என்ற இன்ஜின் கம்ப்யூட்டரில் செட்டிங்கை மாற்றி (ரீமேப்) டார்க் ஏற்றிய டீசல் வண்டிகளுக்கு மட்டும் கனத்த கிளட்ச் தேவைப்படலாம். நாலாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள், வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். அப்போதும் சாதாரண ஆர்கானிக் பிளேட்டிலேயே பிரஷர் பிளேட் கொஞ்சம் கடினமான செட் கிடைக்கும், தினமும் ஓட்டும் வண்டிக்கு அது போதும். கிளட்ச் செட்டில் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் கணக்கு. புதிதாகப் போட்டதும் சுமார் 800 கி.மீ. வரை ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும், முதல் நாளே ரெவ் ஏற்றிக் கிளட்சை விட்டுக் காட்டினால் புது பிளேட் பாழ்.

நான் இந்தக் கடிதம் எழுதியதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான். புது ஃப்ளைவீல் விலையைக் கேட்டுவிட்டு, "எதுக்கு அண்ணாச்சி, இருக்கிறதையே லேத்ல கொடுத்துக் கடைஞ்சிருவோம்" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கம்பெனி ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சுழலும்போது அதற்குள் உண்டாவது இழுவைதான், அதுவும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 3000 ஆர்.பி.எம்.மில் இருப்பதைப் போல நாலு மடங்கு 6000த்தில். கிளட்ச் உரசி உரசி ஏற்கெனவே மயிரிழை விரிசல் விட்டிருக்கும் சக்கரத்தைக் கடைந்து மெலிதாக்கினால் அது வெடித்துச் சிதற வாய்ப்பு உண்டு. மேலே இருப்பது அலுமினிய ஹவுசிங், அது தடுக்காது. அதை ஒட்டித்தான் டிரைவரின் கால்கள் இருக்கின்றன. வழக்கமாகக் கிளட்ச் மாற்றும்போது மேல்முகத்தை லேசாகச் சீவிச் சமன் செய்வது வேறு, அதைக் கம்பெனி சொன்ன அளவுக்குள் செய்யலாம். எடை குறைப்பதற்காகக் கடைவது கூடாது. நம் மாவட்டத்து லேத் பட்டறைக்காரர்கள் இந்த வேலையை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமென்றால் எஃகுக் கட்டியிலிருந்து கடைந்ததை, அல்லது உரசும் முகத்தில் எஃகுத் தட்டு பதித்த அலுமினியத்தை வாங்கட்டும், பணம் இல்லையென்றால் பழையதே இருக்கட்டும்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நிறைய டீசல் கார்களில் இருப்பது உள்ளே ஸ்பிரிங் வைத்த டூயல் மாஸ் ஃப்ளைவீல். அதை எடுத்துவிட்டு ஒற்றைக் கட்டியாக லேசானதைப் போட்டால் இன்ஜினின் அதிர்வு முழுதும் கியர்பாக்ஸுக்குப் போகும். நியூட்ரலில் நிற்கும்போது கடகடவென்று சத்தம் வரும், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து வருவார்கள், போகவில்லை, ஆனால் நாளாக ஆகப் பல்லும் பேரிங்கும் தேயும்.

இவ்வளவுக்குப் பிறகும் போடத்தான் வேண்டும் என்றால், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ வண்டியை இறக்கப் போகிறவர்கள் தாராளமாகப் போடலாம், அவர்களுக்குத்தான் இது. ஊருக்குள் ஓட்டுகிறவர் நாலு சிலிண்டர் பெட்ரோல் கார் வைத்திருந்து, பெரும்பாலும் தனியாகப் போகிறவராக இருந்தால், எடையை ரொம்பக் குறைக்காத ஒன்றைப் பார்க்கலாம். வாரன்டி இருக்கிற வண்டி என்றால் அது போய்விடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்தே பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். சில கார்களில், இன்ஜின் சுழல்வதைக் கணக்கெடுக்கும் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃப்ளைவீலில்தான் இருக்கும், புதியதில் அதே பற்கள் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள், இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியான அளவுக்கு முறுக்க வேண்டும். அப்புறம், கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தான் போகிறார்கள், ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள், கூலி ஒரே கூலியாக முடியும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
பாளையங்கோட்டை.