ஒற்றைச் சாட்சியம்

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பின் தீர்ப்புகளை முழுமையாக வாசிக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். நானும் இப்போது பெரும்பாலும் குற்றவியல் மேல்முறையீடுகளையே நடத்துகிறேன். ஆகவே, பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது நியாயமா என்று நீ கேட்டிருப்பது எனக்கு அன்றாடக் கேள்வி.

தண்டிக்கலாம் என்பதுதான் நம் உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதில். அவள் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவள் அல்லள். காயம்பட்ட சாட்சிக்கு உரிய மதிப்பு அவளுக்கும் உண்டு. சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் வேறு சான்றின் துணையைக் கட்டாயம் கேட்க வேண்டியதில்லை.

இதை உணர்ந்துகொள்ள 1996இல் வந்த பஞ்சாப் மாநிலம் எதிர் குர்மித் சிங் தீர்ப்பைப் படி. பள்ளித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தியைக் காரில் கடத்திச் சென்ற அந்தச் சம்பவம் 1984இல் நடந்தது. மறு ஆண்டே விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அதற்கு அது சொன்ன காரணங்களைப் பார்: கார் எந்த வகை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, வழியில் கூச்சலிடவில்லை, தேர்வு மையத்து ஆசிரியைகளிடம் முறையிடாமல், வீட்டுக்குப் போன பிறகு தாயிடம் சொன்னாள். போதாக்குறைக்கு அவளுடைய ஒழுக்கத்தையும் பழித்தது. உச்ச நீதிமன்றம் இவை எல்லாவற்றையும் தள்ளி, விடுதலையை ரத்து செய்து தண்டனை விதித்தது. அச்சத்தில் உறைந்திருந்த ஒரு குழந்தைக்கு ஃபியட்டுக்கும் அம்பாசிடருக்கும் வேறுபாடு தெரியாமல் போனால், அவளுக்கு நேர்ந்தது நேராமல் போய்விடுமா? இதைச் சொல்லவைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறுவதில்லை.

மேல்முறையீட்டில் உண்மையான சிக்கல் வேறொன்று. விசாரணை நீதிபதி சாட்சிக் கூண்டில் நின்றவளை நேரில் பார்த்தவர். அவள் தயங்கியதையும் அழுததையும் அறிந்தவர். மேல்முறையீட்டு நீதிபதிகளின் கையில் இருப்பது தட்டச்சிட்ட வாக்குமூலம் மட்டுமே. காகிதத்தில் படிக்கும்போது சிறு முரண்பாடுகூடப் பெரிதாகத் தெரியும். முதல் தகவல் அறிக்கையில் மாலை ஆறு மணி என்றும் நீதிமன்றத்தில் இருட்டிய பிறகு என்றும் அவள் சொல்லியிருந்தால், அது நினைவின் இயல்பு. ஆனால் யார் செய்தார், என்ன செய்தார் என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் மாறுமானால், அது வழக்கின் உயிர்நாடியைத் தொடும் முரண்பாடு. 2012இல் ராய் சந்தீப் வழக்கில், அப்பழுக்கற்ற சாட்சியின் கூற்று தொடக்கம் முதல் இறுதி வரை சீராகவும் குறுக்கு விசாரணையைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும் என்று கூறி, அத்தகைய சாட்சியம் அவ்வழக்கில் இல்லாததால் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த முடிவையும் நான் மதிக்கிறேன். ஐயத்தின் பலன் குற்றம்சாட்டப்பட்டவருக்கே என்ற விதி இவ்வகை வழக்குகளில் தளர்ந்துவிடவில்லை.

விடுதலைக்கு எதிரான மேல்முறையீடு இன்னும் கடினம். சான்றுகள் அனைத்தையும் மறு ஆய்வு செய்யும் முழு அதிகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு என்றாலும், நியாயமான இரண்டு முடிவுகளுக்கு இடமிருந்தால் விடுதலையில் தலையிடக் கூடாது என்று 2007இல் சந்திரப்பா வழக்கில் வகுத்துச் சொல்லப்பட்டது. குர்மித் சிங் வழக்கில் தலையிட முடிந்ததற்குக் காரணம், கீழ் நீதிமன்றத்தின் பார்வையை நியாயமான பார்வை என்றே ஏற்க முடியாமல் போனதுதான். என் பார்வையில் எல்லாம் இங்கேதான் அடங்கியிருக்கிறது: அவளை நம்ப மறுத்த நீதிபதி, அவள் கூற்றில் எந்த இடம் உடைகிறது என்று காட்டினாரா, அல்லது பாதிக்கப்பட்டவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தாமே வைத்திருந்த கற்பனையை அவள்மேல் ஏற்றினாரா? உடல் ரீதியாக எதிர்க்காதது மட்டுமே சம்மதம் ஆகாது என்று 2013இல் சட்டத்திலேயே எழுதிவைத்த பிறகும், குற்றம்சாட்டப்பட்டவர்கள் தரப்பு மேல்முறையீட்டு மனுக்களில் அந்தக் கற்பனை தலைகாட்டத்தான் செய்கிறது.

நீ குறிப்பிட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பில் முரண்பாடுகள் என்று பட்டியலிட்டிருக்கும் பத்திகளை மட்டும் படியெடுத்து அனுப்பு. அவற்றில் எவை வழக்கின் மையத்தைத் தொடுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தா