துண்டே திரையான மாலை

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் இலக்கிய மன்றம் இந்த ஓராண்டாக மாதம் ஒருவரை அழைத்து வந்து வாசகர்களோடு உரையாட வைத்தது. பன்னிரண்டு கூட்டங்களில் இரண்டைத்தான் தவறவிட்டேன். எழுத்தாளர்கள் நிறையப் பேர் வந்தார்கள். நாடகம், கூத்து என்று வந்தவர்கள் மூன்றே பேர். என் மனசில் நிற்பது அந்த மூன்றில் ஒருவர்.

அறுபதைத் தாண்டிய கூத்து வாத்தியார் அவர். துரியோதனன் பிரவேசம் எப்படி இருக்கும் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார். வாத்தியார் பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, முன்வரிசைப் பையன்கள் இருவரை ஆளுக்கொரு முனை பிடிக்கச் சொன்னார். மைக்கை ஓரமாக வைத்துவிட்டுத் துண்டுக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுத்தார். வேஷத்துக்குத் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கிரீடமும் இல்லை, சலங்கை இல்லை. வெறும் வேட்டி சட்டைதான். துண்டு இறங்கியபோது நாங்கள் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அங்கே இல்லை. "புஜத்துல கட்டை ஏறினா தோள் தானா விரியும். அது இல்லாம விரிக்கத்தாம்மா பத்து வருஷம் ஆவும்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

அதை யாரும் பதிவு செய்யவில்லை. வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று முக்கால் மணி நேரம் போயிருந்தது. வாத்தியாருக்குக் கிடைத்தது அரைமணிக்கும் குறைவு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர் கிளம்பிவிட்டார்.

எழுத்தாளரிடம் கேட்க விட்டுப்போனால் புத்தகமாவது இருக்கும். நடிகர் போனால் அந்தத் தோளும் குரலும் போய்விடும். 1978இல் பரீக்‌ஷா நாடகக் குழுவைத் தொடங்கிய ஞாநி, சென்னை கே.கே. நகரில் தம் வீட்டுக் கிணற்றடியிலேயே 'கேணி' என்ற பெயரில் மாதாந்திரச் சந்திப்புகளை நடத்தினார். பேச வந்தவரும் கேட்க வந்தவரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்தார்கள். உரையாடலுக்கு வேறென்ன வேண்டும்? அவர் 2018 ஜனவரியில் மறைந்தார். தெருக்கூத்தை நவீன நாடகத்தோடு பேசவைத்த கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் ந. முத்துசாமியும் அதே ஆண்டு அக்டோபரில் போய்விட்டார். அவர்களிடம் கேட்காமல் விட்ட கேள்விகளை இனி யாரிடம் கேட்பது?

மன்றம் அடுத்த ஆண்டுக்கான பட்டியலைப் போட்டுக்கொண்டிருக்கிறது. வயதான கூத்துக் கலைஞர்களையும் நாடகக்காரர்களையும் முதல் மாதங்களிலேயே அழையுங்கள், பொன்னாடைச் செலவில் அவர்கள் திரும்பிப் போகக் கார் ஏற்பாடு செய்யுங்கள் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். முக்கியமாக, அந்த வாத்தியார் இன்னொரு முறை வரவேண்டும், ஒரு முழு மாலைக்கும். பதிவு செய்வதை நானே பார்த்துக்கொள்கிறேன். எழுத்தாக்கி அனுப்பினால் தங்கள் இதழில் நான்கு பக்கம் ஒதுக்க முடியுமா? தகவலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விழுப்புரம்.